தெரிந்த ஆள்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். அரசுக் கல்லூரியில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலை ஷிப்ட், ஒரு மணிக்கு விட்டுவிடுவார்கள். இன்டர்ன்ஷிப் கேட்டு ஆன்லைனில் எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பித்தும் பதில் இல்லை. ஒரே ஒரு நிறுவனம் கூப்பிட்டது. சான்றிதழோடு சேர்த்து 6,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். அப்பா ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார். சிபாரிசு செய்ய எங்களுக்குத் தெரிந்த ஆள் யாரும் இல்லை. பயோடேட்டாவில் வடசென்னை முகவரியைப் போட்டால் எடுக்க மாட்டார்கள் என்கிறார்கள் நண்பர்கள். பணம் கட்டலாமா? முகவரியை மாற்றிவிடவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கட்டாதீர்கள். வேலை பழக வருகிறவனுக்குச் சம்பளம் கொடுக்காத இடங்கள் உண்டு, அது கஞ்சத்தனம். அவனிடமே வசூலிப்பது சான்றிதழ் வியாபாரம்.

முகவரியையும் மாற்ற வேண்டாம். உங்கள் நண்பர்களின் பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். பேட்டையின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிற மேலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் உறவினர் வீட்டு விலாசத்தைப் போட்டுச் சேர்ந்தால், ஆதார் நகல் கேட்கிற அன்றைக்குப் பொய் சொன்னவர் என்ற பெயர்தான் மிஞ்சும். தெருவும் கதவு எண்ணும் தேவையில்லை. ‘தண்டையார்பேட்டை, சென்னை 81’ போதும். ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஓ.எம்.ஆரில் வேண்டுமானால் அது தூரம். ஹார்பரை ஒட்டிய மண்ணடிக்கு அதுவே தகுதி. மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிலையம்.

மண்ணடியை ஏன் சொல்கிறேன் என்றால், தெரிந்த ஆள் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவருக்கா ஆள் தெரியாது? அங்கே தம்புச்செட்டித் தெருவிலும் லிங்கிச்செட்டித் தெருவிலும் இருக்கிற, சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்டுகளின் ஆட்களோடுதான் அவருடைய பிழைப்பே. எந்த ஆபீசில் காகிதம் சுத்தமாக இருக்கும், எது டிரைவருக்கு வாடகை பாக்கி வைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த இணையதளமும் உங்களுக்கு இதைச் சொல்லாது.

அங்கே என்ன வேலை? சுங்கத்துறைக்குக் கொடுக்கிற படிவங்கள்: ஏற்றுமதிச் சரக்குக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி. இரண்டும் இப்போது கம்ப்யூட்டரில்தான் தாக்கலாகின்றன. அதற்கு முன்னால் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஒன்றில் 240 பெட்டி, இன்னொன்றில் 204 என்றிருந்து, அது யார் கண்ணிலும் படாமல் போய்விட்டால் கன்டெய்னர் நின்றுவிடும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். முதல் மாதம் உங்களுக்குக் கொடுப்பது இந்த ஒப்பிடுகிற வேலையாகத்தான் இருக்கும். சலிப்பாக இருக்கும். ஆனால் சரக்கு விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ், சுங்க வரி எல்லாம் ஒரே தாளில் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பாடப்புத்தகத்தில் இந்தத் தெளிவோடு பார்த்திருக்க மாட்டீர்கள். பிடித்துப்போனால் பின்னால் சுங்கத்துறைத் தேர்வெழுதி, கிளியரிங் ஆபீஸ் ஊழியருக்குச் சுங்கத்துறை கொடுக்கிற ஜி கார்டு வாங்கலாம். சேரும்போதே ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள்: முடிக்கிறபோது நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதித் தர வேண்டும். வழவழப்பான சான்றிதழை விட அதற்கு மதிப்பு அதிகம்.

அரசுத் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024இல் வந்தது. இரண்டாம் ஆண்டில் முழுநேரக் கல்லூரியில் படித்துக்கொண்டே அதில் சேர முடியாது. பட்டம் வாங்கியபின் உதவித்தொகையோடு ஓராண்டு தொழிற்பழகுநராகச் சேர என்.ஏ.டி.எஸ். என்ற தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இருக்கிறது. பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், பி.காமுக்கும் உண்டு. தென்மண்டல அலுவலகம் தரமணியில் இருக்கிறது, பதிவு ஆன்லைனில். அதை இறுதியாண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கிளியரிங் ஆபீஸ் சரிவராவிட்டால், சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். மதியம் இரண்டு மணி முதல் வர முடியும், டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும் என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள் (தெரியாவிட்டால் கற்றுக்கொண்டு போங்கள்). மாதத்தில் 11, 20 தேதிகளையொட்டிப் போகாதீர்கள். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிற கடைசி நாட்கள் அவை. உங்களை உட்காரச் சொல்லக்கூட ஆள் இருக்காது. 21க்குப் பிறகு போங்கள்.