ஒயிட் ரிம் கேள்வி-பதில்: முதலில் தண்ணீர், அப்புறம் வண்டி

யூட்டா மாநிலத்தின் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில், ஐலண்ட் இன் த ஸ்கை மேட்டைச் சுற்றி ஓடும் ஒயிட் ரிம் பாதை பற்றித்தான் இந்த முறை பெரும்பாலான கடிதங்கள். மேலே மேடு, கீழே கொலராடோ ஆறும் கிரீன் ஆறும், நடுத்தட்டில் சுமார் 100 மைல் மண்சாலை. நேராகக் கேள்விகளுக்குப் போவோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் கிளம்புகிறோம். கேம்ப் பர்மிட் எங்கே வாங்குவது? (ஆஸ்டின்)

அடுத்த வெள்ளிக்கிழமையா! வசந்த காலம் அல்லது அக்டோபர் என்றால் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதை முழுக்கப் பத்து இடங்களில் மொத்தம் 20 கேம்ப்தான். ரிக்ரியேஷன்.காவ் தளத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் நான்கு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். வசந்த காலத்துக்கு நவம்பர் 10, இலையுதிர் காலத்துக்கு மே 10. நல்ல தேதிகள் அன்றைக்கே போய்விடும். யாராவது ரத்து செய்தால் அந்த இடம் மறுபடி தளத்தில் வரும், தினமும் எட்டிப் பாருங்கள். தங்காமல் ஒரே நாளில் சுற்றி வந்தாலும் பர்மிட் வேண்டும், 2015-இலிருந்து அப்படித்தான். அதற்கும் நாளொன்றுக்கு 50 வண்டி, 50 சைக்கிள் என்று வரம்பு உண்டு. வாசலில் கட்டும் நுழைவுக் கட்டணம் தனி.

எட்டுப் பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் எவ்வளவு என்று எழுதவில்லை. கீழே ஃபீனிக்ஸ் வாசகருக்குச் சொன்னதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு எஸ்யூவி ஆல் வீல் டிரைவ். யூடியூபில் ஒருவர் இதே மாடலில் ஒயிட் ரிம் முழுவதும் ஓட்டியிருக்கிறார். எங்களுக்கு மட்டும் என்ன தடை? (சான் ஹோசே)

இதே கேள்வி வேறு வேறு வண்டிப் பெயரோடு ஆறேழு கடிதங்களில் வந்திருக்கிறது. போன முறையும் வந்தது. எல்லோருக்கும் சேர்த்து, கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

தடை போட்டது நான் இல்லை, பூங்கா. தரையிலிருந்து நல்ல உயரமும், லோ ரேஞ்ச் கியரும் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்பது அங்கே விதி. ஆல் வீல் டிரைவ் என்பது பனியிலும் மழையிலும் தார்ச்சாலையில் வழுக்காமல் போவதற்கான ஏற்பாடு. லோ ரேஞ்ச் வேறு விஷயம். அதைப் போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை சுமார் இரண்டரை மடங்காகும். வண்டி நடக்கிற வேகத்தில் பாறைப்படி ஏறும். இறங்கும்போது இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறைவு.

இது இல்லாத வண்டியைப் பாதையில் வரும் மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். ஏற வேண்டுமானால் வேகம் எடுக்க வேண்டும். வேகம் எடுத்தால் அடிப்பாகம் கல்லில் இடிக்கும். மெதுவாகப் போனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும், கியர்பாக்ஸ் சூடாகும், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஹார்ட்ஸ்க்ராபிள் மலையிலும் இதே கதைதான். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது காய்ந்து நாற்றமடிக்கும், அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

சரி, ஏறி இறங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வண்டியின் பின்கதவைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் ஒல்லியான தற்காலிக டயர். இல்லாவிட்டால் ஒரு டப்பா பசையும் சின்ன காற்றடிக்கும் இயந்திரமும். ஒயிட் ரிம்மில் டயர் போவது ஆணி குத்தி அல்ல. கூரான கல் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். அதைப் பசை ஒட்டாது, ஒல்லி ஸ்டெப்னி அந்தப் பாதையில் பத்து மைல்கூடத் தாங்காது. வெளியே இழுத்துவர வண்டி கூப்பிட்டால் கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டும். கூப்பிடுவதற்கு போனில் சிக்னல் இருக்காது என்பது தனிக் கதை.

யூடியூப்காரர் போனாரே என்கிறீர்கள். சிக்கிக்கொண்டவர்கள் வீடியோ போடுவதில்லை.

விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த எஸ்யூவியில் போகலாமா என்று கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில். ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது என்று அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். இறங்கினால் காப்பீடு செல்லாது. பக்கத்து மோவாப் ஊரில் இந்தப் பாதைகளுக்கென்றே ஜீப் வாடகைக்கு விடுகிறார்கள். விலை கூடத்தான். எந்தெந்தப் பாதைக்கு அனுமதி, டயர் கிழிந்தால் யார் பணம் என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மோவாபிலேயே நிரப்புங்கள், பூங்காவுக்குள் கிடையாது. லோ ரேஞ்சில் வண்டி வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும்.

ஆளுக்கு எத்தனை தண்ணீர் பாட்டில் போதும்? (ஃபீனிக்ஸ்)

பாட்டில் கணக்கு வேண்டாம், லிட்டர் கணக்கு போடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது குறைந்தபட்சம். சமையல், பாத்திரம், வெயில் எல்லாம் சேர்த்து 6 என்று நான் சொல்வேன், சைக்கிள் மிதிப்பவருக்கு 8. அதற்கு மேல் ஒரு முழு நாளுக்கு உபரி. வண்டி பழுதாகி யாராவது வரும்வரை உட்கார்ந்திருக்கும் நாள் அது. பாதையில் ஒரு குழாய்கூடக் கிடையாது. ஆறு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. லாத்ராப் பள்ளத்தாக்கு வழியாகவோ பொட்டேட்டோ பாட்டம் பக்கமோ ஆற்றங்கரைக்குப் போகலாம். ஆனால் தண்ணீரில் வண்டல் அதிகம், தெளியவைக்காமல் ஊற்றினால் ஃபில்டர் உடனே அடைத்துக்கொள்ளும். ஒரே பெரிய கேனில் எல்லாத் தண்ணீரையும் வைக்காதீர்கள். கேன் ஓட்டையானால் பயணமே முடிந்தது.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவும் ஓட்டியவன் நான். ஷேஃபர் இறக்கம் அதைவிடக் கஷ்டமா? (நியூ ஜெர்சி)

கொல்லிமலைச் சாலையில் தார் உண்டு, ஓரத்தில் சுவர் உண்டு. மேட்டிலிருந்து ஒயிட் ரிம்முக்கு இறங்கும் ஷேஃபரில் இரண்டும் கிடையாது. சுமார் 1,500 அடி இறக்கம், மண்ணும் சரளையும், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. முதலில் பழங்குடி மக்கள் நடந்த தடம், அப்புறம் மாடு ஓட்டியவர்களின் வழி, 1950-களில் யுரேனியம் தேடிய காலத்தில் லாரி போக அகலப்படுத்தினார்கள். ஒயிட் ரிம் பாதையே அமெரிக்க அணுசக்தி ஆணையம் அப்போது போட வைத்ததுதான். யுரேனியம் பெரிதாக அகப்படவில்லை, சாலை மட்டும் மிஞ்சியது.

உங்கள் மலை அனுபவம் வீண் போகாது. ஏறுகிற வண்டிக்கு வழி என்ற விதி இங்கேயும் அதேதான். எதிரே வண்டி வந்தால் எந்த இடத்தில் ஒதுங்குவது என்று இரண்டு வளைவு முன்பே பார்த்துவைத்துக்கொண்டு இறங்குங்கள். காலையில் வெகு சீக்கிரம் இறங்கினால் எதிர் வண்டி குறைவு. பனி உறைந்த நாளில் இறங்கவே வேண்டாம்.

மவுண்டன் பைக்கில் ஐந்து நண்பர்கள். மூன்று நாள் போதுமா? எந்தத் திசையில் சுற்றுவது? (டென்வர்)

போதும். நான்கு என்றால் நிம்மதி. திசையைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. ஷேஃபரில் இறங்கிக் கடிகாரச் சுற்றில் போய் மினரல் பாட்டம் வழியாக ஏறுவது என் கட்சி. கடைசி நாளில், களைத்த காலோடு ஷேஃபரை ஏற வேண்டியதில்லை. ஆனால் மினரல் பாட்டம் வளைவுகளை ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நெடுஞ்சாலைக்கு இன்னும் 20 கிலோமீட்டர் மண்சாலை இருக்கிறது. வெயில், எதிர்காற்று, காலிப் பாட்டில் என்று பலர் கண் கலங்குவது அங்கேதான்.

சாமானும் தண்ணீரும் ஏற்றிவர ஒரு சப்போர்ட் வண்டி வேண்டும். யார் ஓட்டுவது என்று கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். ஐந்து பேரும் சைக்கிள் மிதிக்க ஆசைப்பட்டால் நாள் முறை போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து பேர், மூன்று நாள், ஆளுக்கு 8 லிட்டர் என்றாலே 120 லிட்டர் ஆகிறது. இதை முதுகுப் பையில் சுமக்கப் போவதாக ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குத் தனியாகப் பதில் அனுப்பியிருக்கிறேன்.

ஜூலையில்தான் பிள்ளைகளுக்கு லீவு. போகலாமா? (டாலஸ்)

வேண்டாம். வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும், பாதையில் நிழல் அபூர்வம். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழை வேறு. மேட்டின் மேல் இருக்கும் காட்சி முனைகளைக் காலையில் காட்டிவிட்டு அறைக்குத் திரும்புங்கள்.

மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்று காட்டுகிறது. ரத்து செய்ய வேண்டுமா? (சால்ட் லேக் சிட்டி)

சதவீதம் உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழைக்கு. வெள்ளமோ பல மைல் தள்ளி, உங்கள் கண்ணில் படாத மேகத்திலிருந்து வரும். வறண்ட ஓடையில் வண்டியை நிறுத்தாதீர்கள், கூடாரம் போடாதீர்கள், மதியச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராதீர்கள். அப்புறம் களிமண். நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு வழவழவென்று ஆகிவிடும், லோ ரேஞ்சும் உதவாது. காய்வதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். உபரித் தண்ணீர் கேட்பது இதற்கும்தான். 2010 ஆகஸ்டில் வந்த வெள்ளம் மினரல் பாட்டம் வளைவுகளையே அரித்துக்கொண்டு போய்விட்டது, மாதக்கணக்கில் வழி கிடையாது. கிளம்பும் நாள் காலையில் பூங்கா அலுவலகத்தில் சாலை நிலவரம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கூகுள் மேப் சில மணி நேரம்தான் காட்டுகிறது. நீங்கள் இரண்டு மூன்று நாள் என்கிறீர்களே? (சென்னை)

கூகுளுக்கு அது வெறும் கோடு. நிஜத்தில் சராசரி வேகம் மணிக்கு 10, 15 மைல். நல்ல ஜீப்பில் விடியற்காலை கிளம்பினால் ஒரே நாளில் சுற்றிவிடலாம், ஆனால் எதையும் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள். இரண்டு இரவு தங்குங்கள். வரைபடத்தை போனில் இறக்கி வையுங்கள், காகிதத்திலும் ஒன்று. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாடகைக்கு எடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தப் பாதை, எந்த கேம்ப், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். 2003 ஏப்ரலில் இதே வட்டாரத்தில், புளூஜான் பள்ளத்தாக்கில், ஏரன் ரால்ஸ்டன் கையில் பாறை விழுந்து ஐந்து நாளுக்கு மேல் மாட்டிக்கொண்டார். எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் தேட ஆள் கிளம்பவே நாட்கள் ஆயின. கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

போட்டோவுக்காக வண்டியைப் பாதையை விட்டுப் பத்தடி தள்ளி நிறுத்தினோம். ரேஞ்சர் திட்டினார். வெறும் மண்தானே? (ஹூஸ்டன்)

திட்டியதோடு விட்டாரே, சந்தோஷப்படுங்கள். அது வெறும் மண் இல்லை. கறுத்து, முண்டும் முடிச்சுமாக இருக்குமே, அது உயிருள்ள மண்படலம். நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் நூல் நூலாக ஓடி மணலைக் கட்டிவைத்திருக்கின்றன. மழைநீரைப் பிடித்துவைப்பதும், செடிக்கு நைட்ரஜன் கொடுப்பதும், காற்றில் மணல் பறக்காமல் தடுப்பதும் அதுதான். ஒரு முறை டயர் ஏறினால் மேலே மெல்லிய படலம் திரும்பவே ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். முழுதாகத் தேறப் பல பத்தாண்டுகள். காலடிக்கும் இதே கதிதான், சைக்கிளுக்கும்தான். நடந்து ஒதுங்க வேண்டுமானால் பாறை மேல் ஒதுங்குங்கள், அல்லது ஓடை மணலில்.

டிரோன் பறக்கவிடலாமா? (அட்லாண்டா)

கூடாது. 2014-இலிருந்து எந்த தேசியப் பூங்காவிலும் கூடாது.

எங்கள் நாய் சமர்த்து, வண்டியை விட்டு இறங்கவே இறங்காது. (சியாட்டில்)

இருக்கட்டும். ஒயிட் ரிம்மில் வண்டிக்குள் இருந்தாலும் நாய்க்கு அனுமதி இல்லை. மோவாபில் பார்த்துக்கொள்ள ஆள் தேடுங்கள்.

ஒயிட் ரிம் எல்லோரும் போகிறார்கள். நாங்கள் முதல் பயணத்திலேயே இதே பூங்காவின் மேஸ் பகுதிக்குப் போகலாமா? (போர்ட்லாண்ட்)

கூடாது. அங்கே போகும் வழியில் ஃபிளின்ட் டிரெயில் இறக்கத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். அங்கே ஆள் நடமாட்டம் குறைவு, கேம்பில் கழிவறை கிடையாது, எடுத்துச் செல்லும் கழிவறைப் பெட்டியையும் நீங்களே கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். முதலில் ஒயிட் ரிம்மில் ஒரு டயர் மாற்றிப் பழகுங்கள்.

நாங்கள் 18 பேர், நான்கு ஜீப். கேம்பில் விறகடுப்பு மூட்டி பிரியாணி செய்யலாமா? (ஃப்ரீமாண்ட்)

ஒரு கேம்புக்கு 15 பேர், மூன்று வண்டி, அவ்வளவுதான். இரண்டு கேம்ப் எடுங்கள். விறகு மூட்டக் கூடாது, கேஸ் அடுப்பில் தாராளமாகச் செய்யலாம். மசாலாவையும் இறைச்சியையும் மோவாபிலேயே கலந்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். அரிசி கழுவ, வேகவைக்க, அண்டா தேய்க்க என்று 18 பேருக்குக் குறைந்தது 25 லிட்டர் ஆகும். இதைக் குடிநீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள், தனிக் கேனில் வையுங்கள். எலும்பு, மிச்சம் மீதி, வெங்காயத் தோல் எல்லாம் மூடியுள்ள டப்பாவில் உங்களோடு திரும்ப வர வேண்டும். கழிவறைத் தொட்டியில் போடுவதும் கூடாது.