முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

(உதகையில் 31 ஆண்டுகள் படகுப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மெக்கானிக், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் எஸ்டேட் ஏரியில் விருந்தினர்களுக்காக ஆறு பெடல் படகுகள் விட்டிருக்கிறோம். காற்று அடித்தால் அவை எதிர்க்கரை நாணலில் போய் ஒதுங்கிவிடுகின்றன. இழுத்து வருவதற்காக எங்கள் 14 அடி ஃபைபர் துடுப்புப் படகுக்கு 5 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார் ஒன்று வாங்கினோம். மாட்டிப் பார்த்தால் புரொப்பெல்லர் பாதி நேரம் காற்றைத்தான் கடைகிறது. படகின் பின்பலகை 21 அங்குல உயரம். மோட்டாரை ஏற்றி இறக்கும் பிராக்கெட் விற்கிறதாமே, வாங்கலாமா? இல்லை, இங்கேயே வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாமா?
ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: நீங்கள் எழுதாமல் விட்டதை நானே ஊகித்துக்கொள்கிறேன். உங்களுடையது ஷார்ட் ஷாஃப்ட் மோட்டார், அதாவது புரொப்பெல்லர் வரை இறங்கும் தண்டு குட்டையானது. சிறிய அவுட்போர்டுகள் பெரும்பாலும் இரண்டு நீளத்தில் வரும். 15 அங்குலப் பின்பலகைக்கு ஷார்ட், 20 அங்குலத்துக்கு லாங். புரொப்பெல்லருக்குச் சற்று மேலே தட்டையாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள். பட்டறையில் அதைக் கேவிட்டேஷன் பிளேட் என்போம். தண்ணீர்ப் பரப்பிலிருந்து புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சிவிடாமல் தடுப்பது அதன் வேலை. அந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். உங்கள் படகில் அது அடிமட்டத்துக்கு 6 அங்குலம் மேலே நிற்கிறது. மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே பிராக்கெட்டைத் தேடிப் போகுமுன் மோட்டார் விற்ற கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதிகம் ஓட்டவில்லை என்றால் லாங் ஷாஃப்டாக மாற்றித் தரலாம். அதை உங்கள் பலகையில் நேரடியாகவே மாட்டலாம். மிஞ்சுகிற ஓர் அங்குலத்தை மேல்விளிம்பில் செதுக்கி எடுத்தால் போதும். மாற்றித் தரமாட்டார் என்றால் பிராக்கெட் சரியான வழிதான். அதனால் வேறு வசதிகளும் உண்டு, சொல்கிறேன்.

கடையில் விற்கிற பிராக்கெட்டின் அமைப்பு எளிமையானது. ஒரு தகடு படகில் போல்ட்டாகிறது. இன்னொன்றில் மோட்டாரை மாட்டுவதற்கான பலகை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு ஜோடிக் கைகள். தளர்ந்துபோன கயிற்றுக் கட்டிலைப் பக்கவாட்டில் தள்ளினால் கால்கள் நான்கும் சேர்ந்து சாயும், மேல்சட்டம் மட்டம் மாறாமல் நகரும் அல்லவா? அதே கணக்குதான். கைகள் சாய்ந்தாலும் மோட்டார் செங்குத்தாகவே ஏறி இறங்கும். பல மாடல்களில் 10 அங்குலத்துக்கு மேல் ஏற்ற முடியும். எடையைத் தூக்க உதவியாக ஸ்பிரிங்குகள் இருக்கும்.

அந்த ஸ்பிரிங் விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பிராக்கெட்டை முழுக்க மேலே ஏற்றிவிட வேண்டும். கீழ்நிலையில் வைத்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, பிறகு யாராவது லாக்கை விடுவித்தால், தூக்க எடை எதுவும் இல்லாத ஸ்பிரிங் ஒரே அடியாக மேலே பாயும். கைகளுக்கு நடுவே விரல் இருந்தால் போய்விடும். எங்கள் பட்டறையில் வேலை கற்க வந்த பையன் ஒருவனுக்கு நகம் பிய்ந்து எலும்பு தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிராக்கெட்டின் மேலும் சிவப்புப் பெயின்ட்டில் ‘ஏற்றிவிட்டுக் கழற்று’ என்று எழுதி வைத்தேன். நீங்களும் எழுதுங்கள்.

பிராக்கெட்டில் எத்தனை கிலோ, எத்தனை குதிரைசக்தி தாங்கும் என்று குறித்திருப்பார்கள். இரண்டையும் பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் அதே சக்தியுள்ள டூ ஸ்ட்ரோக்கைவிடக் கனம். சக்தியை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

இன்னொரு சோதனை. மோட்டார் பலகை பின்பலகையின் மேல்விளிம்பைவிட ஆறேழு அங்குலம் கீழே போகும்போது சுக்கான் கைப்பிடியும் கூடவே கீழே போகும். இடவலமாகத் திருப்பினால் கைப்பிடி பின்பலகையில் இடிக்கும். காசு கொடுக்குமுன் ஓர் ஆளை மோட்டாரை அந்த உயரத்தில் தூக்கிப் பிடிக்கச் சொல்லித் திருப்பிப் பாருங்கள். இடித்தால், கைப்பிடியை மேல்நோக்கிச் சாய்க்க முடிகிற மோட்டாரா என்று பார்க்க வேண்டும். முடியாதென்றால் பலகையின் நடுவே கைப்பிடி போக ஒரு வாய் வெட்ட வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு மனசு வராது. வாய் வெட்டின பலகை பலம் குறைந்த பலகை.

பலகை என்றதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். பிராக்கெட் எவ்வளவு உயர்தரமானதாக இருந்தாலும், அதைச் சுமப்பது உங்கள் பின்பலகைதான். நேரே மாட்டிய மோட்டாரின் எடை பலகையின் மேல் உட்காரும். பிராக்கெட்டில் மாட்டினால் அதே எடை முக்கால் அடிக்கு மேல் பின்னே தள்ளி அந்தரத்தில் தொங்கும். மோட்டாரை முடுக்கும்போது கீழே புரொப்பெல்லர் முன்னோக்கித் தள்ளும், அதனால் பிராக்கெட்டின் அடிப்பாகம் பலகையில் அழுந்தும், மேல்பாகம் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். தொங்குகிற எடையும் மேல் போல்ட்டுகளைத்தான் இழுக்கிறது. எல்லாச் சுமையும் அந்த மேல் போல்ட்டுகளின் தலையில்தான்.

இதை நான் கற்றது நல்ல விதமாக அல்ல. வேலைக்குச் சேர்ந்து நான்காம் வருடம். ஆனி மாதக் காற்று. நான் வேலை பார்த்த படகுத்துறையில் ஒரு மரப்படகுக்கு பிராக்கெட் மாட்டச் சொன்னார்கள். மறுநாளே வேண்டும் என்ற அவசரத்தில், போல்ட் போடாமல் நீளமான மரத்திருகு ஆறு போட்டு மாட்டினேன். வெளியே பார்க்கப் பலகை கல் மாதிரி இருந்தது. மறுநாள் மாலை இரண்டு பெடல் படகுகளைக் கட்டி இழுத்து வந்தார்கள். இழுக்கிற கயிற்றை பிராக்கெட்டிலேயே கட்டியிருந்தார்கள், நான் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஏரியின் நடுவில் சடாரென்று ஒரு சத்தம். திருகுகள் உள்ளே ஊறிப்போயிருந்த மரத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. மோட்டார் பெட்ரோல் குழாயில் ஒரு நொடி தொங்கிற்று, அப்புறம் அதுவும் அறுந்தது. படகில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

மறுநாள் காலை கிணற்றில் வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவி மோட்டாரை எடுத்தோம். எடுத்த கையோடு பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சுற்றி, மதியத்துக்குள் ஓட்டிவிட்டோம். மூழ்கிய மோட்டாரை வெளியே எடுத்த பிறகு காயவைக்கிறேன் என்று போட்டு வைத்தால் துரு பிடித்துவிடும். எடுத்த அன்றே ஓட்ட வேண்டும்.

ஆகவே, முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். ஃபைபர் படகின் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கேட்கும், ஊறிய இடத்தில் சத்தம் மந்தமாகும். சந்தேகமான இடத்தில் உட்பக்கமிருந்து 3 மில்லிமீட்டர் துளை போட்டு, வருகிற தூளைப் பாருங்கள். வெளிறிக் காய்ந்து வந்தால் சரி. கருத்து ஈரமாக வந்தால் பிராக்கெட்டை மறந்துவிட்டுப் பலகையைப் பிரித்துக் கட்டுங்கள். வருடத்தில் இரண்டு பருவமழையும் பனிமூட்டமும் பார்க்கிற ஊர் நம்முடையது. கவிழ்த்து வைக்காத படகு எதிலும் இந்தச் சோதனையை நான் தவிர்த்ததில்லை.

பலகை நன்றாக இருந்தால் மாட்டலாம். திருகு கூடவே கூடாது, மறுபக்கம் வரை போகிற எவர்சில்வர் போல்ட்டும், தானாகக் கழலாத நைலாக் நட்டும்தான். போல்ட்டைவிடத் துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். போல்ட்டைச் சுற்றித் தடவுகிற சீலண்ட் பிற்பாடு விட்டுப்போனாலும் தண்ணீர் பிளைவுட்டைத் தொடாது. உட்பக்கம் வாஷர் மட்டும் போதாது. பிராக்கெட்டைவிட அகலமான அலுமினியத் தகடு ஒன்றை, மேல்பக்கம் கூடுதலாக நீளும்படி வையுங்கள். இழுக்கும் கயிற்றைப் படகின் இரு ஓரங்களிலும் தனித்தனி வளையம் போட்டு அங்கே கட்டுங்கள், பிராக்கெட்டில் அல்ல. மோட்டாரிலிருந்து படகுக்கு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும்.

உள்ளூரில் செய்யலாமா என்று கேட்டீர்கள். ஸ்பிரிங் வைத்த நாலு கை பிராக்கெட்டை வெல்டிங் பட்டறையில் செய்ய நான் சொல்லமாட்டேன். ஸ்பிரிங்கின் பலம் மோட்டாரின் எடைக்குப் பொருந்த வேண்டும், கைகளின் மூட்டில் இருக்கும் புஷ் (உள்வளையம்) இம்மியும் ஆடக்கூடாது. அது ஃபேக்டரி வேலை. ஆனால் வேறொன்று நம் பட்டறைக்காரர்கள் அழகாகச் செய்வார்கள். செங்குத்தாக இரண்டு தண்டவாளம், அங்குலத்துக்கு ஒரு துளை, அதில் ஏறி இறங்கும் ஒரு சட்டம், இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் ஊசி (பின்), ஊசி கழலாமல் இருக்க கிளிப். ஸ்பிரிங் கிடையாது. 5 குதிரைசக்தி மோட்டாரைக் கரையில் வைத்து இரண்டு பேர் தூக்கி மாற்றிவிடலாம். நன்னீருக்கு 304 எவர்சில்வர் போதும். சாதாரண இரும்பில் பெயின்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிடும்.

மோட்டார் பிடிக்கும் பலகைக்கு எஸ்டேட்டில் சும்மா கிடக்கிறதே என்று சில்வர் ஓக்கை அறுத்துவிடாதீர்கள், ஈரத்தில் மக்கும். தைலமரம் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். ஒன்றரை அங்குலத் தேக்கு வாங்குங்கள்.

கடைசியாக உயரம். கரையில் படகு நிற்கும்போது ஒரு நேரான ரீப்பரை அடிமட்டத்தில் ஒட்டிப் பின்னே நீட்டிப் பிடித்து, கேவிட்டேஷன் தகடு ஓர் அங்குலம் கீழே வரும்படி குறியுங்கள். அது தொடக்கம் மட்டுமே. பிறகு படகைத் தண்ணீரில் இறக்கி, வழக்கமாகப் போகிற ஆட்களை ஏற்றிப் பாருங்கள். உங்கள் வேலையில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெடல் படகை நெருங்கியதும் ஒருவர் கயிறு வீச அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குப் போவார். உடனே பின்முனையான அமரம் எழும்பும், புரொப்பெல்லர் மறுபடி காற்றைக் கடையும். அதாவது மோட்டார் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் கைவிடும். அதனால் ஒருவரை முன்னே நிற்கவைத்து, அப்போதும் தகடு இரண்டு அங்குலம் மூழ்கியிருக்கும்படி ஊசியைப் போடுங்கள். ஆழமில்லாத கரைக்கு வரும்போதும் துடுப்பு போடும்போதும் மேலே ஏற்றிக்கொள்ளலாம். பைக்காராவில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் எடுக்க எடுக்கக் கரை பின்வாங்கும். நேற்று மிதந்த இடத்தில் இன்று சேறு. அங்கே ஏற்றி இறக்கும் வசதி இல்லாத மோட்டாரின் புரொப்பெல்லர் எத்தனை உடைந்திருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

நாணல் சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்ச் கயிற்றை (கழற்றினால் எஞ்சின் ஓடாது) கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் கை வையுங்கள். விருந்தினர் யாராவது தண்ணீரில் இருந்தாலும் அப்படித்தான், எஞ்சின் ஓடவே கூடாது.

கேள்வி: தூத்துக்குடியில் மச்சான் வைத்திருந்த 8 குதிரைசக்தி பெட்ரோல் மோட்டாரை மலைக்குக் கொண்டுவந்தேன். அங்கே பறந்தது, இங்கே கறுப்புப் புகையோடு முனகுகிறது. மோட்டார் போய்விட்டதா?
ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: மோட்டாருக்கு ஒன்றுமில்லை, காற்றுதான் மெலிந்துவிட்டது. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி குறையும். கொடைக்கானல் 7,000 அடி. எட்டுக் குதிரை அங்கே ஆறரைக் குதிரைதான். காற்று குறைந்தும் கார்புரேட்டர் கடற்கரைக் கணக்கிலேயே பெட்ரோல் விடுவதால் கறுப்புப் புகை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாக மாற்றுங்கள், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் போடுங்கள், முனகல் அடங்கும். திரும்ப மச்சானிடம் கொடுக்கும்போது பழைய ஜெட்டையே போட்டுக் கொடுங்கள். சிறிய ஜெட்டோடு கடற்கரையில் ஓட்டினால் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, கடலில் ஓடிய மோட்டாரில் துத்தநாக ஆனோடு இருக்கும், மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு அது. நன்னீரில் அதன்மேல் படலம் படிந்து வேலை செய்யாது. மக்னீசியம் ஆனோடு கேட்டு வாங்கிப் போடுங்கள்.

1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கியபோது முதல் படகு தூத்துக்குடியிலிருந்துதான் வந்தது என்பார்கள். உங்கள் கடிதம் படித்ததும் அது நினைவுக்கு வந்தது, சந்தோஷமாக இருந்தது.

கேள்வி: எங்கள் அலுமினிய பிராக்கெட்டில் எவர்சில்வர் போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. துடைத்தால் போதுமா?
ஒரு வாசகி, குன்னூர்

பதில்: போதாதம்மா. ஈரத்தில் அந்த இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபடும். அந்தப் பொடி உங்கள் பிராக்கெட்தான். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, துளையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, நைலான் வாஷரும் புஷ்ஷும் போட்டு, சீலண்ட் தடவி இறுக்குங்கள். துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அந்தத் தகட்டையே மாற்றுங்கள். அதுவரை மோட்டாரைக் கரையிலேயே வையுங்கள்.