மேயர் மீது கவுன்சிலர்களுக்கு நம்பிக்கை போய்விட்டால் அவரை நீக்க முடியுமா? வெளிநாடுகளில் எப்படி?

நான் இருக்கும் ஊரில் முடியாது. 39 பேர் கொண்ட சபையில் 22 பேர் கை தூக்கி, "உங்கள் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை" என்று சொன்னோம். அந்த 22 பேரில் நானும் ஒருத்தி. மேயர் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார். "நன்றி, அடுத்த பொருளுக்குப் போகலாம்" என்றார். அடுத்த பொருள் மழைநீர்க் கால்வாய்.

கேள்வியைப் பார்த்தால் நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ தமிழ்நாட்டில் கவுன்சிலராக இருக்கிறீர்கள், உள்ளூரில் ஏதோ புகைகிறது என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். உங்கள் பக்கம் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆள்தான் வருவதில்லை. 2024 ஜனவரி 12ஆம் தேதி திருநெல்வேலி மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்காகக் கூட்டம் கூட்டினார்கள். கவுன்சிலர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 29இல் காஞ்சிபுரத்திலும் அதே கதை. எங்கள் பக்கம் நேர்மாறு. ஆள் வந்தோம், சட்டத்தில் வழி இல்லை.

நான் இருப்பது ரீயூனியன் தீவு. மொரீஷியஸுக்குப் பக்கம், 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். ஊர் நிர்வாகத்துக்குப் பிரான்சின் சட்டம்தான். தீவில் மொத்தம் 24 நகர சபைகள். அவற்றில் எது எங்களுடையது, எந்த ஆண்டு என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. சின்னத் தீவு, எல்லோரும் எல்லோருக்கும் உறவு. நான் வக்கீலும் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தை ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து படித்தவள். அதனால் "அப்படியெல்லாம் இருக்காதே" என்று வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். தாத்தா 1962இல் கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் வீட்டார் நாலைந்து தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். பெயர் தமிழ், கோயில் தமிழ், பேச்சு கிரியோல். இங்கே இவர்களை 'மல்பார்' என்பார்கள். நான் வார இறுதியில் ஒரு சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் மேயர் (அப்போது வேட்பாளர்) என்னைக் கண்டுபிடித்தார்.

இங்கே தேர்தலில் வார்டு கிடையாது. முழு ஊருக்கும் ஒரே பட்டியல், ஆண், பெண், ஆண், பெண் என்று மாறி மாறி. இந்த வரிசை 2007ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு. அவர் பட்டியலில் ஒரு பெண் இடம் காலி. தமிழ்ப் பெயராக இருந்தால் கோயில் பக்கத்து ஓட்டும் வரும். இதை அவர் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது. வீட்டு வாசலில் நின்று "வனாகாம்" என்றார். "வணக்கம்" என்று திருத்தினேன். மூன்றாவது தடவை சரியாக வந்துவிட்டது. ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை.

இரண்டாவது சுற்றில் 52 சதவீதம் வாங்கினோம். இங்கே கணக்கைக் கவனியுங்கள், பின்னால் வேண்டும். ஜெயித்த பட்டியலுக்கு முதலில் பாதி இடம் அப்படியே. மீதிப் பாதியை எல்லாப் பட்டியலுக்கும் வாக்கு விகிதப்படி பிரிப்பார்கள். ஆக 39இல் எங்களுக்கு 30, எதிர்க்கட்சிக்கு 9. சபை கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தது. நான் ஏழாவது துணை மேயர், பள்ளிக்கூட கேண்டீன் என் பொறுப்பு. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சேர்மனாடி?"

"இல்லம்மா, ஏழாவது துணை."

"ஒரு ஊருக்கு ஏழு துணையா?"

"பதினொன்றும்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சம்பளம் உண்டா?" என்றாள். சம்பளம் இல்லை, மாதப்படி உண்டு.

நம்பிக்கை எப்படிப் போனது என்று கேட்டால் பெரிய ஊழல் கதை எதையும் நான் சொல்லப்போவதில்லை. என்னிடம் ஆதாரமும் இல்லை. சின்னச் சின்ன விஷயங்கள்தான். கேண்டீனுக்கு அரிசி யாரிடம் வாங்குகிறோம் என்று கேண்டீன் பொறுப்பாளரான நான் கேட்டால் கோப்பு "மேலே" இருக்கும். புதிதாக யாரை வேலைக்கு எடுத்தார்கள் என்பது பேப்பரில் பார்த்துத்தான் தெரியும். இங்கே நகர சபை வேலை என்பது சாதாரண விஷயமில்லை. வேலையில்லாதவர்கள் நிறைந்த தீவில் ஆறு மாத ஒப்பந்த வேலை ஒன்று ஒரு குடும்பத்தின் ஓட்டுக்குச் சமம். அந்தச் சாவி முழுக்க மேயரிடமும் அவர் அலுவலக உதவியாளரிடமும் இருந்தது. காவடிக்கு விரதம் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் மட்டும் மாமிசமில்லாத சாப்பாடு கொடுக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்ததற்கு, அரசு மதத்தில் தலையிடக்கூடாது என்று ஒரு வரி பதில் வந்தது. அதே மனிதர் தீபாவளி ஊர்வலத்தில் குர்தா போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அது பண்பாடாம். சரி, அதை விடுங்கள்.

இரண்டு வருஷம் போனதும் முதல் துணை மேயர் விலகி நின்றார். அவரோடு நாங்கள் பன்னிரண்டு பேர். 13 பேரும் எதிர்க்கட்சியின் 9 பேரும் சேர்ந்து 22. மேயர் பக்கம் 17. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் முப்பது நாளுக்குள் மேயர் கூட்டம் கூட்ட வேண்டும். எழுதினோம். இருபத்தொன்பதாவது நாள் கூட்டினார். மழைநீர்க் கால்வாய் வரைக்கும் நடந்ததை மேலேயே சொல்லிவிட்டேன்.

பிரெஞ்சுச் சட்டத்தில் சபைதான் மேயரைத் தேர்ந்தெடுக்கிறது, ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு இறக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. எங்கள் தீர்மானம் ஒரு கருத்து, அவ்வளவுதான். அவரை ஒரு மாதம் வரை இடைநீக்கம் செய்ய அமைச்சரால் முடியும், பதவியைப் பறிக்கப் பாரிஸில் அமைச்சரவை ஆணை வேண்டும். அதுவும் பெரிய தவறு செய்தால்தான். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கெல்லாம் அமைச்சரவை கூடாது.

அடுத்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கேண்டீன் பொறுப்பு திரும்பப் பெறப்படுகிறது. அறைச் சாவி, போன், கார் நிறுத்தும் இடம் எல்லாம் போயிற்று. பொறுப்பு போனதால் படியும் நின்றது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதற்குப் பிறகு நடந்தது. மேயர் ஒரு துணை மேயரின் பொறுப்பைப் பறித்தால், அந்தத் துணை மேயர் பதவியில் நீடிக்கலாமா என்று சபை ஓட்டுப் போட வேண்டும். சட்டம் அப்படி. அதாவது மேயருக்குப் பிடிக்காவிட்டால் என்னை இறக்கலாமா என்று சபையைக் கேட்பார்கள். சபைக்குப் பிடிக்காவிட்டால் மேயரை இறக்கலாமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரகசிய வாக்கெடுப்பு, பெட்டி வைத்து, என் பெயரைச் சொல்லி. 22 பேர் நான் இருக்கலாம் என்றார்கள், 17 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த 17 பேரில் இரண்டு பேர் என் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர்கள். ஆக, பெயருக்குத் துணை மேயர், உட்கார நாற்காலி இல்லை.

எங்களாலும் சும்மா இருக்க முடியவில்லை. வருஷக் கணக்கைச் சபை அங்கீகரிக்கும்போது மேயர் விவாதத்தில் இருக்கலாம், ஓட்டு நேரத்தில் வெளியே போக வேண்டும். அவர் வராந்தாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் கணக்கைத் தோற்கடித்தோம். உள்ளே வந்தார், உட்கார்ந்தார். ஒப்பந்தம் போட அவருக்குச் சபை கொடுத்திருந்த பொதுவான அதிகாரத்தைத் திரும்ப வாங்கினோம். அது கொஞ்சம் வலித்தது, ஒவ்வொன்றுக்கும் சபைக்கு வர வேண்டியதாயிற்று. பிறகு பட்ஜெட்டை நிராகரித்தோம்.

அதுதான் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஏப்ரல் 15க்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் விஷயம் பிரெஃபேயிடம் போகும். (பிரெஃபே என்றால் பாரிஸ் நியமிக்கும் அதிகாரி, நம் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அவர் வட்டாரத் தணிக்கை மன்றத்துக்கு அனுப்புவார், அவர்கள் ஒரு மாதத்தில் ஒரு பட்ஜெட் எழுதித் தருவார்கள், பிரெஃபே அதைப் போட்டுவிடுவார். ஊர் நடக்கும், மேயரும் நடப்பார். பழி மட்டும் எங்களுக்கு. கடையில் வரிசையில் நிற்கும்போது ஒரு அம்மா எல்லோர் முன்னிலையிலும், "பிள்ளைகளின் சோற்றை நிறுத்தப் பார்த்தது இவள்தான்" என்றார். கேண்டீன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆனால் கடை வரிசையில் நின்றுகொண்டு தணிக்கை மன்றத்தைப் பற்றி எப்படி விளக்குவது?

கடைசி ஆயுதம் கூட்டு ராஜினாமா. சபை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை இழந்தால் மூன்று மாதத்துக்குள் மறுதேர்தல். 39இல் மூன்றில் ஒன்று 13. நாங்கள் சரியாக 13 பேர். முருகன் கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆனால் பட்டியலில் 39 பெயர், ஜெயித்தவர்கள் 30 என்று சொன்னேன் அல்லவா? ஒருவர் விலகினால் அதே பட்டியலில் அடுத்த பெயர் தானாக உறுப்பினர் ஆகிவிடும். எங்கள் பட்டியலில் அப்படி மிச்சமிருந்த 9 பேரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் இடம் உண்மையிலேயே காலி. முதல் துணை மேயர் ஒவ்வொரு வீடாகப் போனார். ஒன்பது பேரும் சரி என்றார்கள். ஒருவர் ரம் ஊற்றிக் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார்.

கவுன்சிலர் பதவிக்கான ராஜினாமாக் கடிதத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் தெரியுமா? மேயரிடம். அவர் கைக்குப் போன நிமிடம் அது முடிந்த முடிவு, திரும்ப வாங்க முடியாது. 13 பேரும் ஒரே காலையில் கொடுத்தோம். ஒன்பது பேரில் ஏழு பேர் சொன்னபடி மறுத்தார்கள். இரண்டு பேர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அடுத்த கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ரம் கொடுத்தவர். அவர் மகனுக்கு அந்த மாதம் நகர சபையில் தோட்ட வேலை கிடைத்திருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

காலி இடம் 11. தேவை 13. மறுதேர்தல் இல்லை. எதிர்க்கட்சி 9 பேரும் தாங்களும் விலகுவதாகச் சொல்லியிருந்தார்கள், நிலவரம் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சபையில் மிச்சம் 28 பேர். மேயருக்கு 17ஓடு இரண்டு, 19. எங்களிடம் பெரும்பான்மை இருந்தபோது அவரை அசைக்க முடியவில்லை. நாங்களே எழுந்து போய் அவருக்குப் பெரும்பான்மையைக் கொடுத்தோம்.

"அப்படியானால் உள்ளே இருந்தே போராடியிருக்கலாமே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். நாற்காலி இல்லாத அறையில் ஒரு வருஷம் போராடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இன்னொருவர் "உறுதியான மேயர் இருப்பது நல்லதுதானே, மாதம் ஒரு மேயர் மாறினால் ஊர் என்னாகும்" என்பார். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் தூக்கம் வராது. இதையெல்லாம் காரைக்காலில் அண்ணனிடம் புலம்பினால், "உனக்காவது கோபப்பட ஒரு மேயர் இருக்கார்" என்கிறான். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தச் சபைகளின் காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு வார்டு கணக்கு, இட ஒதுக்கீடு, கோர்ட் என்று ஏதாவது ஒரு காரணம். புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த மேரி (பிரெஞ்சில் நகர மன்றம்) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அச்சு அசலாகத் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். எவ்வளவு அழகு! உள்ளே உட்காரத் தேர்ந்தெடுத்த சபை மட்டும் இல்லை. நம்பிக்கை இழக்கவும் முதலில் ஒரு ஆள் வேண்டாமா?

சரி, உங்களுக்கு வருகிறேன். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் முன்னால், கூட்டத்தன்று யார் வருவார்கள் என்று எண்ணாதீர்கள். யாருடைய மகன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்று எண்ணுங்கள்.

என் கடிதத்தைக் கொடுக்கப் போன அன்று மேயரே அறையிலிருந்து வெளியே வந்தார். தேதி முத்திரை குத்தி, ரசீதைக் கையில் கொடுத்து, காப்பி குடிக்கிறீர்களா மதாம் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். படியிறங்கும்போது பின்னாலிருந்து "வணக்கம்" என்றார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.