ஆவியின் வரங்களும் அடுத்த வீட்டாரும்: கேள்வி பதில்

வேதபாட வகுப்பில், குணமாக்குதல், அந்நியபாஷை போன்ற பரிசுத்த ஆவியின் வரங்களைப் பற்றிப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 12 முதல் 14 வரை படித்து முடித்த பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே திசையில் இருந்தன. சபைக்கு வராத அண்டை வீட்டாருக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் இந்த வரங்களால் என்ன செய்யலாம் என்பதே எல்லாருடைய கேள்வியும். நான் ஒரு மிஷன் மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியாக இருந்தவள். நான் பார்த்த நோயாளிகளில் மிகப் பலர் ஆலயத்துக்குள் காலடி வைத்ததே இல்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

அக்கா, வரங்கள் சபையின் பக்திவிருத்திக்காக என்றுதானே பவுல் எழுதுகிறார்? வெளியாருக்கு ஏன்?

கொரிந்து சபையின் ஆராதனையில் நடந்த குழப்பத்தைத் தீர்க்க எழுதிய நிருபம் அது. அதனால் சபையைப் பற்றியே பேசுகிறது. அதே பவுல் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறியபோது என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 28இல் பாருங்கள். தீவின் முதலாளியான புபிலியுவின் தகப்பனார் ஜுரத்தாலும் இரத்தபேதியாலும் கிடக்கிறார். பவுல் உள்ளே போய் ஜெபித்து, கைகளை வைத்துக் குணமாக்குகிறார். பிறகு தீவிலிருந்த மற்ற நோயாளிகளும் வந்து சுகம் பெறுகிறார்கள். அந்த மூன்று மாதங்களில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதாகக்கூட லூக்கா எழுதவில்லை. அவர்கள் நோயாளிகள், அவர் அங்கே இருந்தார். குணமாக்க அதுவே போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா இந்து. மகனுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் என்னை ஜெபிக்கக் கூப்பிடுகிறார். எப்படி ஜெபிப்பது? எண்ணெய் பூசலாமா? (ஆசிரியை, தூத்துக்குடி)

கூப்பிட்டால் உடனே போங்கள் தங்கச்சி. போனதும் முதலில் பையனின் பெயரைக் கேளுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பல ஊழியர்கள் இதைக் கேட்காமலேயே ஜெபத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நோயாளிக்கு அது தெரியும்.

பிறகு, “இயேசுவின் நாமத்தில்தான் ஜெபிப்பேன், உங்களுக்குச் சம்மதமா?” என்று தெளிவாகக் கேளுங்கள். தலையில் கை வைப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும். பையனிடமும் கேளுங்கள், தாயிடம் மட்டும் கேட்டால் போதாது. நெற்றியில் திருநீறு இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். அதை அழிக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

ஜெபம் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சத்தம் வேண்டாம். “கிருபாசனத்தண்டை”, “இரத்தக் கோட்டைக்குள்” என்ற நம் சபைப் பேச்சை விட்டுவிட்டு, அந்தத் தாய்க்குப் புரிகிற தமிழில் பேசுங்கள். “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கட்டும், இந்தத் தாய்க்கு இன்று இரவு தூக்கம் வரட்டும்.” இவ்வளவு போதும். எண்ணெய் பூசுவதை யாக்கோபு தம் நிருபத்தில் சபையின் மூப்பர்களுக்கும் சபையிலுள்ள நோயாளிக்கும் சொல்கிறார். மந்திரித்த எண்ணெய் என்று அங்கே நினைக்கக்கூடும் என்பதால் நான் வெளியே அதைச் செய்வதில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். முதல் சில வாரங்களிலேயே இருமல் குறைந்து உடம்பு தேறிவிடும். அந்த நேரத்தில் “சுகமாகிவிட்டது, விசுவாசி” என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருந்தை விட்டவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோடு எங்கள் வார்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். இன்சுலினை நிறுத்தி நினைவிழந்து வந்த பிள்ளைகளையும் தூக்கியிருக்கிறேன். குணமாகியிருந்தால் அடுத்த பரிசோதனையில் மருத்துவரே சொல்வார். ஆண்டவருக்கு அதில் எந்தக் குறைவும் இல்லை.

வீட்டு ஜெபத்தில் வெளியார் இருக்கும்போது அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் பேசும், கேட்பவருக்குப் புரியாத பாஷை) பேசலாமா?

கூடாது. 1 கொரிந்தியர் 14:23 இந்தக் கேள்விக்கென்றே எழுதப்பட்டது. வெளியார் வந்து கேட்டால் உங்களைப் பைத்தியம் பிடித்தவர்கள் என்பார்களே என்கிறார் பவுல். அறைக்குள் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

என் மேலதிகாரியைப் பற்றி ஒரு சொப்பனம் கண்டேன். அவர் கிறிஸ்தவர் அல்ல. சொல்லவா? (அரசு ஊழியர், மதுரை)

யோசேப்பும் தானியேலும் அரசர்களுக்குச் சொன்னார்களே என்று நினைப்பீர்கள். அந்த அரசர்கள் தாங்கள் கண்ட சொப்பனத்துக்கு அர்த்தம் கேட்டார்கள் தம்பி. உங்கள் அதிகாரி எதையும் கேட்கவில்லை. ஒரு வாரம் அவருக்காக ஜெபியுங்கள். பாரம் குறையாவிட்டால், “சார், உங்கள் நினைவாகவே இருந்தது, வீட்டில் எல்லாரும் நலமா?” என்று கேளுங்கள். அவர் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். “கர்த்தர் சொல்கிறார்” என்று தொடங்காதீர்கள். மரணம், திருமணம், பிள்ளைப்பேறு இவற்றைப் பற்றி முன்னறிவிப்பு எதுவும் வேண்டவே வேண்டாம். அப்படிச் சொன்ன ஒரு சொல் எத்தனை குடும்பங்களில் ஆறாத புண்ணாக இருக்கிறது!

“பேய் பிடித்திருக்கிறது” என்று ஒரு பெண்ணை எங்களிடம் அழைத்து வருகிறார்கள்.

முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது மூன்றும் பாவம். ஆவிகளைப் பகுத்தறிவதும் ஒரு வரம் என்று 1 கொரிந்தியர் 12இன் பட்டியலில்தான் இருக்கிறது. இது பேய் அல்ல, நோய் என்று கண்டுகொள்வதும் அந்த வரத்துக்குள் அடங்கும் என்று நம்புகிறேன்.

சுகமானவர்கள் பணம் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

2 இராஜாக்கள் 5ஐப் படியுங்கள். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் கொடுத்த காணிக்கையைத் தீர்க்கதரிசி எலிசா வேண்டாம் என்றார். அதை, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று உடைகளுமாக ஓடிப்போய் வாங்கினான் அவருடைய வேலைக்காரன் கேயாசி. நாகமானைவிட்டு நீங்கிய குஷ்டம் அவனைப் பிடித்தது. ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் குடியுங்கள்.

இதெல்லாம் மதம் மாற்றும் தந்திரம் என்று என் நண்பன் சொல்கிறான். என்ன பதில் சொல்வது? (கல்லூரி மாணவர்)

அவன் சொல்வதில் கோபப்பட வேண்டாம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். “சபைக்கு வந்தால் சுகம்” என்று பேரம் பேசுவது வரத்தை விற்பதுதான். அதே சமயம் நான் யாரை நம்புகிறேன் என்பதை மறைத்துக்கொண்டு உதவுவதும் நேர்மை இல்லை. கேட்டால் சொல்ல வேண்டும், சாந்தத்தோடு சொல்ல வேண்டும் என்கிறார் பேதுரு.

அதே நாகமானைப் பாருங்கள். இனி கர்த்தருக்கே பலியிடுவேன் என்கிறான். உடனே, என் ராஜா தன் தெய்வமான ரிம்மோனின் கோவிலில் என் கையில் சாய்ந்து பணியும்போது நானும் பணிய வேண்டியிருக்குமே, அதை மன்னிக்க வேண்டும் என்கிறான். எலிசா அவனுக்குச் சட்டம் பேசவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார். இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான். வராத ஒன்பது பேருடைய சுகத்தை இயேசு பறித்துக்கொள்ளவில்லை. நண்பனிடம் இந்த இரண்டு கதைகளையும் சொல்லுங்கள். அதன்படி நடக்கிறோமா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெபித்தும் அவர் இறந்துவிட்டார். இனி எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவேன்?

தம் உடன் ஊழியரான துரோப்பீமை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார். எனக்கும் இது நடந்தது. டயாலிசிஸுக்கு வந்த ஒரு முஸ்லிம் பெண்ணுக்காக, அவர் கேட்டுக்கொண்டபடி இரண்டு ஆண்டுகள் ஜெபித்தேன். அவர் இறந்த அன்று வாசலிலேயே நின்றேன். அவருடைய தாயார் வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நீங்களும் போங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருங்கள்.

எனக்கு எந்த வரமும் இல்லையம்மா. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். (நாகர்கோவில்)

ஐயா, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரை நினைத்துப் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவம் பார்க்க ஒரு பெண்ணைத் தேடி அவரிடம் வந்தார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்கமாட்டோம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வந்து வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். படிப்பால் வந்ததை வரம் அல்ல என்று யார் சொல்வது?

1 கொரிந்தியர் 12:28இல் குணமாக்கும் வரங்களுக்குப் பக்கத்திலேயே “ஆளுகைகள்” என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அது கப்பலின் சுக்கானைப் பிடிப்பதைக் குறிக்கும் சொல். உங்கள் தெருவில் விதவை ஓய்வூதியத்துக்கு எழுதிக்கொடுக்க ஆள் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். திங்கட்கிழமை காலையில் ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துவரச் சொல்லி, அவர்களுடன் தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள்.