ஆல்ஃபா 0.52 வந்தால் தேர்வையே தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். ஆல்ஃபா (குரோன்பாக் ஆல்ஃபா) என்பது ஒரு தேர்வின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; 1-ஐ நெருங்க நெருங்க ஒத்துப்போவது அதிகம். நீங்கள் தயாரித்த, 10 கேள்வி மட்டுமே உள்ள இயற்பியல் விமர்சனச் சிந்தனைத் தேர்வை அந்த ஒரே எண்ணை வைத்து மோசம் என்று ஒதுக்க முடியாது.

என் சந்தேகம் எண்ணிக்கை மேல்தான். கேள்வி குறைந்தால் குரோன்பாக் ஆல்ஃபாவும் இறங்கும். இதே தரத்தில் இன்னும் 10 சேர்த்தால், கேள்வி எண்ணிக்கை மாறும்போது ஆல்ஃபா எவ்வளவு மாறும் என்று கணிக்கும் ஸ்பியர்மேன்-பிரவுன் சூத்திரப்படி சுமார் 0.68 வரும். தவிர, வரைபடம் படிப்பது, மாறிகளைக் கட்டுப்படுத்துவது, வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது என்று நீங்களே மூன்று திறனைக் கலந்திருக்கிறீர்கள், அவை ஒன்றோடொன்று ஒட்டாததில் ஆச்சரியம் இல்லை.

இதைச் செய்து பாருங்கள்:

1. மொத்த மதிப்பெண்படி மேல் 27%, கீழ் 27% மாணவர்களைப் பிரியுங்கள்.
2. ஒவ்வொரு கேள்விக்கும் மேல் குழுவில் சரியாக எழுதியோரின் விகிதத்திலிருந்து கீழ் குழுவின் விகிதத்தைக் கழியுங்கள். 0.2க்குக் கீழே என்றால் கேள்வியைத் திருத்துங்கள். மைனஸில் வந்தால் முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள், கோளாறு அங்கேயே இருக்கலாம்.

40 பேர் வகுப்பில் இந்த எண்கள் ரொம்பவே ஆடும். அப்புறம், ஆல்ஃபா ஏறினாலும் சிந்தனையை அளக்கிறீர்கள் என்று ஆகாது. ஓம் விதியில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் 10 கணக்கு கொடுத்தால்கூட ஆல்ஃபா அழகாக வரலாம். சிந்தனையைத்தான் அளக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள, நாலைந்து மாணவர்களை வாய்விட்டு யோசித்துக்கொண்டே விடை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.