நடைபாதையில் வாழும் தங்கையின் குழந்தை எங்களுக்குத் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் வியாசர்பாடியில் வசிக்கிறேன், வீட்டு வேலை செய்து பிழைக்கிறேன். கணவன் விட்டுப்போன என் தங்கை, பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் ஒன்றரை வயது மகளுடன் இருந்தாள். குடிக்கும் கஞ்சாவுக்கும் அடிமையாகிவிட்டாள். 20 நாட்களுக்கு முன்பு குழந்தையைத் தூக்கிச் சென்று காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு காகிதத்தில் அவளிடம் கைநாட்டும் வாங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் வரும் என்று பயப்படுகிறாள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, குழந்தை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உங்கள் கையில் இருக்கும் நாட்கள் குறைவு. அந்தக் காகிதம் எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பெற்றவர் தன் குழந்தையை ஒப்படைப்பதாக எழுதித் தரும் பத்திரம், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 35-வது பிரிவின்படி, குழந்தைகள் நலக் குழுவின் (பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் அமைப்பு) முன்னிலையில்தான் நிறைவேற்றப்பட வேண்டும். அப்படி நிறைவேறியிருந்தாலும் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. நடைபாதையில் வைத்து யாரோ வாங்கிய கைநாட்டு அத்தகைய பத்திரம் ஆகாது. குழுவின் அலுவலகத்துக்கு நேரில் சென்று, அந்தக் காகிதத்துக்கும் இதுவரை பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளுக்கும் நகல் கேட்டு மனுக் கொடுங்கள்.

அவசரத்துக்குக் காரணம் குழந்தையின் வயது. இரண்டு வயது வரையுள்ள குழந்தையைக் கைவிடப்பட்ட குழந்தை என்று முடிவு செய்தால், குழுவின் முன் கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் தத்துக்கொடுக்கத் தகுதியானதாக அறிவித்துவிடலாம். தெருவில் இருக்கும் தாய்க்கு நோட்டீஸ் போய்ச் சேர முகவரி கிடையாது. அவள் வராததையே கைவிட்டதாக எழுதிவிடும் ஆபத்து இதில்தான் இருக்கிறது. எனவே உங்கள் வீட்டு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் தங்கைக்கான முகவரியாக எழுத்தில் கொடுத்து, கையொப்பமும் தேதியும் இட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

தாய் போதைக்கு அடிமை என்பதற்காக அவளுடைய உரிமை தானாகப் போய்விடாது. குழந்தையைக் காக்க இயலாதவர் என்று குழு விசாரித்து முடிவு செய்ய வேண்டும். காப்பகம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கோட்பாடு. தங்கை இப்போது தெளிவான நிலையில் இல்லை என்றால், குழந்தையை உங்கள் பொறுப்பில், குழுவின் கண்காணிப்புடன் ஒப்படைக்கும்படி நீங்களே கேட்கலாம். வீட்டைப் பார்த்து அறிக்கை தர ஆள் வருவார்கள். வாடகை வீடு, சிறிய வருமானம் என்று தயங்க வேண்டாம். வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதற்கு மட்டும் தெளிவான பதில் வைத்திருங்கள். உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ், பிரசவம் நடந்த மருத்துவமனையின் சீட்டு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றில் இருப்பதைச் சேர்த்துக் கொடுங்கள். இப்போதே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதமாக வைக்கப்பட்டிருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் மனு) போடச் சொல்பவர்களும் இருப்பார்கள். குழுவின் உத்தரவின்படி காப்பகத்தில் இருக்கும் குழந்தைக்கு அது முதல் வழியல்ல என்பது என் கருத்து. குழுவின் உத்தரவு பாதகமாக வந்தால், 30 நாட்களுக்குள் குழந்தைகளுக்கான நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

சிகிச்சைக்குப் போனால் வழக்கு வரும் என்ற பயம் தேவையற்றது. நோயாளியின் விவரங்களை மருத்துவமனை ரகசியமாக வைத்திருக்கச் சட்டப்படி கடமைப்பட்டது. கஞ்சா பயன்படுத்தியதற்காக வழக்கே இருந்தாலும், அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 64-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய நிலைகள் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருவதால், வீடற்றவர் என்ற முறையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை போன்ற இடங்களில் அவள் இலவசமாகச் சிகிச்சை பெறலாம்.

அதே சட்டத்தின் 21-வது பிரிவை, வழக்கறிஞர்களே அதிகம் எடுத்துச் சொல்லாத ஒன்றை, உங்கள் மனுவில் கட்டாயம் குறிப்பிடுங்கள்: மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து என்று கருதிப் பிரித்தாலும், 15 நாட்களுக்கு ஒரு முறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். குழந்தை இப்போது குழுவின் பொறுப்பில் இருப்பதால் இந்தப் பிரிவு நேராகப் பொருந்தாமல் போகலாம். ஆனாலும் தாய் சிகிச்சையில் சேர்ந்திருக்கிறாள், சட்டத்தின் நோக்கம் சேர்த்து வைப்பதே என்று வாதிட வலுவான ஆதாரம் அது.

பெண் என்ற ஒரே காரணத்தால், வருமான வரம்பு இன்றி, உங்கள் இருவருக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். விசாரணைக்கு முந்தைய நாள் இரவே தங்கையை உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து தங்க வையுங்கள். சிகிச்சையில் சேர்ந்த சீட்டை அவள் கையிலேயே கொடுத்து, குழுவிடம் அவளே நீட்டட்டும்.