பாயிண்டை மாற்றும் முன் கண்டென்சரைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் 1489 சிசி அம்பாசடர் இருபது கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடுவதாகவும், அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்புவதாகவும், அதனால் பாயிண்டை (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகளை) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு (அதே வேலையை மின்னணு முறையில் செய்யும் அமைப்புக்கு) மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்படி நிற்கும் வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது கண்டென்சரையும் (பாயிண்ட் முனைகளில் பொறி தெறிப்பதை அடக்கும் சிறு மின்தேக்கி), காயிலையும் (பிளக்கில் பொறி உண்டாகும்படி மின்னழுத்தத்தை உயர்த்தும் சுருள்) தான். வண்டி நின்றவுடன், சூடு ஆறுவதற்குள், டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பகுதி; பாயிண்ட் இதற்குள்தான் இருக்கிறது) மூடியைக் கழற்றி, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லிவிட்டு பாயிண்ட் முனைகளைக் கவனியுங்கள். மெல்லிய பொறி இயல்பானது. நீலமாகப் பளிச்சென்று தொடர்ந்து தெறித்தால், முனைகளும் கருகி ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் கட்டியிருந்தால், கண்டென்சரை மாற்றிவிடுங்கள். (பொறி சரியாக இருந்தால், பெட்ரோல் குழாய் சூட்டில் ஆவி அடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.)

எலக்ட்ரானிக் முறையில் காயிலின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வேலையை டிரான்சிஸ்டர் செய்வதால், தேய முனையும் இல்லை, 0.38 மி.மீ. இடைவெளியை அடிக்கடி சரிசெய்யும் தொல்லையும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சற்று ஆடினாலும் டைமிங் (பொறி விழும் நேரம்) அவ்வளவாகக் கலையாது. ஆனால் பெரும்பாலான கிட்களை (எலக்ட்ரானிக் முறைக்கு மாற்றும் பாகத் தொகுப்புகளை) பொருத்தினாலும் காயில், மூடி, ரோட்டார் (மூடிக்குள் சுழலும் துண்டு) ஆகியவை வண்டியில் இருக்கும் பழையவையே என்பதால், கோளாறு காயிலில் இருந்தால் உங்கள் பணம் வீண். கிட் கேட்கும் ஓம் (மின்தடை) அளவுக்குக் குறைவான காயிலை இணைத்தால் மாட்யூல் (டிரான்சிஸ்டர் உள்ள கிட்டின் மின்னணுப் பகுதி) வெந்துவிடும். மாற்றினாலும் பழைய பாயிண்டையும் கண்டென்சரையும் டிக்கியில் வைத்திருங்கள். நடுவழியில் மாட்யூல் போனால் அதைச் சாலையோரத்தில் பழுது பார்க்க முடியாது.